ஓராண்டு நிலத்தில் ஐந்தாண்டுத் திட்டம்

ஷா ஆலமில் என் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால், உயர் அழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே நீளவாக்கில் ஒரு துண்டு நிலம் கிடக்கிறது. அதன் முன்பகுதியில் வெள்ளை பிவிசி குழாய்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. மண்ணில்லாமல் தண்ணீரிலேயே கீரை வளர்க்கும் அமைப்பு. திறப்பு விழாவன்று ரிப்பன் வெட்டினார்கள், பச்சை டீ-சட்டை கொடுத்தார்கள், எல்லாருக்கும் நாசி லெமாக் பொட்டலம் கிடைத்தது. சாலட் கீரை நாலைந்து முறை அறுவடை ஆனது. பிறகு பம்ப் நின்றது. இப்போது குழாய்களுக்குள் எறும்புக் கூடு.

அதே நிலத்தின் பின்பகுதியில் எழுபதைக் கடந்த ஒரு பாட்டி வெண்டை, கங்கோங், பசலை, இரண்டு முருங்கை, ஒரு வரிசை கறிவேப்பிலை வைத்திருக்கிறார். அவருக்கு மானியம் எதுவும் வரவில்லை. பம்ப் ஏன் இன்னும் கிடக்கிறது என்று கேட்டேன். "நூத்தி எம்பது வெள்ளிதான் தம்பி. ஆனா பாரத்துல அதுக்கு எடமில்லையாம். புதுசா வாங்கத்தான் காசு, பழச மாத்த காசில்ல." கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "தோட்டத்து லயத்துல இருந்தப்ப எவனும் காசு குடுக்கல. எடம் இருந்துச்சு."

நிலைத்த உணவு முறைக்காகப் புத்தாக்கத் திட்டங்களுக்கு நிதி தருவது இன்று உலகம் முழுக்க ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அறக்கட்டளைகள், அரசு முகமைகள், வங்கிகள், முதலீட்டு நிறுவனங்கள் எல்லாரும் களத்தில் இருக்கிறார்கள். இந்த வழக்கத்தின் நிறைகுறைகளை எடைபோட எனக்குப் பாட்டி சொன்ன இரண்டு விஷயங்களும் போதுமான தராசாகத் தெரிகின்றன.

முதலில், தேவை இருக்கிறதா? இருக்கிறது. மலேசியாவின் உணவு இறக்குமதிச் செலவு 2022இல் 75 பில்லியன் ரிங்கிட்டைத் தாண்டியது. 2023 ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. செப்டம்பர் முதல் தேதி அரிசி இறக்குமதி நிறுவனமான பெர்னாஸ் இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200க்கு ஏற்றியது. உடனே 10 கிலோ 26 ரிங்கிட் விலைக் கட்டுப்பாட்டில் இருந்த உள்ளூர் அரிசி கடை அடுக்குகளிலிருந்து மாயமானது. கிள்ளானில் மளிகைக் கடைக்காரர்கள் ஆளுக்கு ஒரு மூட்டை என்று அளந்து கொடுத்த நாட்களை யாரும் மறந்திருக்க முடியாது.

அதற்கும் முன்னால் 2021 டிசம்பர் வெள்ளம். ஷா ஆலம் 25ஆம் செக்‌ஷன் தாமான் ஸ்ரீ மூடாவில் ஜனங்கள் கூரைமேல் உட்கார்ந்து நாள் கணக்கில் சோற்றுக்குக் காத்திருந்தார்கள். நெடுஞ்சாலைகளும் பேரங்காடிகளும் சூழ்ந்த ஒரு மாநிலத் தலைநகரத்தில் நடந்தது இது. அங்கே முதலில் வந்து சேர்ந்தது படகு வைத்திருந்தவர்களும், கோயில்களிலும் குருத்துவாராக்களிலும் பெரிய அண்டாவில் சமைத்தவர்களும்தான். உணவு முறை என்று பேசும்போது அந்த அண்டாக்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பேன். எந்த நிதியும் அவற்றைப் புத்தாக்கம் என்று ஏற்பதில்லை.

நிதி கொடுப்பதும் இங்கே புதிதல்ல. 1974இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் 'பச்சைப் புத்தகத் திட்டம்' தொடங்கி, சும்மா கிடக்கும் நிலத்தில் எல்லாம் காய்கறி போடச் சொன்னார். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 1993இல் உணவு உற்பத்திக்கென்று ஒரு கடன் நிதி வைத்தது. 2021இல் அதன் இடத்துக்கு 1 பில்லியன் ரிங்கிட்டில் வேளாண் உணவு நிதி வந்தது. ஒரு சிறு நிறுவனம் 5 மில்லியன் வரை வாங்கலாம், வட்டி ஆண்டுக்கு 3.75 விழுக்காட்டுக்கு மேல் போகாது. காகிதத்தில் பார்த்தால் நல்ல நிதிதான்.

புத்தாக்கத்துக்குப் பணம் போடுவதே வீண் என்று சொல்ல வரவில்லை. அதற்கு எதிரான சாட்சி சிலாங்கூரிலேயே இருக்கிறது. 1986இல் வடமேற்குச் சிலாங்கூரில் 'புரோஜெக் இக்தியார்' என்று ஒரு சோதனை நடந்தது. வங்காளதேசத்து கிராமீன் வங்கியின் முறையை இங்கே முயன்று பார்த்தார்கள்: பிணை கிடையாது, ஏழைகள் சிறு குழுவாகச் சேர வேண்டும், வாரம் தவறாமல் கூட வேண்டும், சிறுகச் சிறுகத் திருப்பிக் கட்ட வேண்டும். வங்கி எட்டிப் பார்க்காத இடத்தில், தோற்றாலும் பரவாயில்லை என்று யாரோ கொஞ்சம் பணம் போட்டார்கள். அதிலிருந்து 1987இல் அமானா இக்தியார் மலேசியா பிறந்தது. கோழி வளர்த்தவர்கள், பலகாரம் சுட்டவர்கள், மீன் காயவைத்து விற்றவர்கள் என்று பல லட்சம் பெண்கள் இன்றுவரை அதில் கடன் வாங்கித் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். நம் பெண்கள் பக்கம் அது பெரிய அளவில் திரும்பியது ரொம்பத் தாமதம். 2024இல்தான் இந்தியப் பெண்களுக்கென்று 50 மில்லியன் ஒதுக்கி 'பெண்' என்றே பெயர் வைத்தார்கள். மலாய் அலுவலகத்தில் தமிழ்ச் சொல்லைக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, தாமதத்துக்கு அது ஈடாகாது என்றாலும்.

ஒரு நிதி உண்மையில் என்ன செய்ய முடியும் என்பதை அந்தச் சோதனை காட்டுகிறது. பணம் சிறிது, காலம் நீளம். சோதனையில் கண்டதை வைத்துத்தான் விரிவாக்கினார்கள். அங்கே கருவி எதுவும் புதிதாக வரவில்லை. கடன் கொடுக்கும் விதம்தான் புதிது.

இன்றைய நிதிகளில் பெரும்பாலானவை இதைத் தலைகீழாகச் செய்கின்றன. விண்ணப்பப் பாரத்தின் முதல் கேள்வியே 'உங்கள் திட்டத்தில் என்ன புதுமை?' என்பதுதான். அந்தக் கேள்விக்கு வெண்டைக்காய் பதிலாகாது. எல்இடி விளக்கு, உணர்கருவி, கைப்பேசிச் செயலி என்று எழுதினால் பாரம் நகரும். எழுதத் தெரிந்தவருக்குப் பணம், பயிர் செய்யத் தெரிந்தவருக்கு நன்றிக் கடிதம். இப்படிப் பாரம் நிரப்பிக் கொடுப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிற இரண்டு பேரை எனக்குத் தெரியும். கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் கீரை வளர்த்து நான் பார்த்ததில்லை.

அடுக்கு வேளாண்மை என்கிற கட்டட உள்விவசாயத்தின் கதை இதற்கு உலகளாவிய பாடம். அமெரிக்காவில் ஏரோஃபார்ம்ஸ் 2023 ஜூனில் திவால் பாதுகாப்பு கேட்டது. 60 கோடி டாலருக்கு மேல் திரட்டியிருந்த போவரி 2024 நவம்பரில் கதவை மூடியது. சாஃப்ட்பேங்க் வகையறா பணம் கொட்டிய பிளென்டி 2025 மார்ச்சில் திவால் மனு போட்டது. பக்கத்தில் சிங்கப்பூர், 2030க்குள் தன் ஊட்டத் தேவையில் 30 விழுக்காட்டைத் தானே விளைவிப்பேன் என்று 2019இல் சொன்னது; 2025 நவம்பரில் அந்த இலக்கை இறக்கி வைத்துவிட்டு 2035க்கு வேறு இலக்குகளை எழுதிக்கொண்டது. நிர்வாகத் திறமைக்குப் பேர் போன நாட்டிலேயே மின்கட்டணம் கீரையைத் தின்றுவிட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கிலும் கொள்கலன் பண்ணைகள் உண்டு. அவை தருவது பெரும்பாலும் சாலட் இலைதான். உணவகங்களுக்கு அது நல்ல சரக்கு. ஆனால் 2023இல் கடையில் காணாமல் போனது அரிசி. கோழித் தீவனத்துக்கு நாம் கப்பலில் கொண்டுவருவது சோளம். இந்த இரண்டையும் எந்தக் கொள்கலனும் தொடவில்லை.

அதே சிலாங்கூர் மாநிலத்தின் செக்கிஞ்சானில் ஹெக்டருக்கு 10 டன் எட்டுகிற நெல்வயல்கள் இருக்கின்றன. தேசியச் சராசரி அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. செக்கிஞ்சானின் சங்கதி வாய்க்கால், சமப்படுத்திய வயல், நல்ல விதை, தலைமுறையாக அதே மண்ணில் நிற்கிற ஆட்கள். இதில் எதையும் ரிப்பன் வெட்டித் திறக்க முடியாது.

சரி, மானியத்தின், தனியார் முதலீட்டின் கதை இது. அரசின் பெரிய பணம்? தேசிய ஃபீட்லாட் நிறுவனத்தை யார் மறப்பார்? நாட்டின் மாட்டிறைச்சித் தேவையில் 40 விழுக்காட்டை 2010க்குள் உள்நாட்டிலேயே ஈடுகட்டுவது என்று நெகிரி செம்பிலான் கெமாஸில் ஒரு மாட்டுப் பண்ணை. 250 மில்லியன் ரிங்கிட் அரசு மென்கடன். 2011இல் வெளிவந்த தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை இலக்கு எட்டப்படவில்லை என்றது. பண்ணையின் பணம் கோலாலம்பூரில் சொகுசு அடுக்குமாடி வீடு வாங்கப் போனதாக எழுந்த குற்றச்சாட்டு நாட்டையே உலுக்கியது. நிறுவனத்தின் தலைவர் மீது 2012இல் நம்பிக்கை மோசடி வழக்கு வந்தது. 2015இல் அவர் விடுவிக்கப்பட்டார். அந்த நிறுவனத்தின் வங்கிக் கணக்கு விவரங்களை வெளியிட்ட அரசியல்வாதி ரஃபிஸி ரம்லிக்கோ 2018 பிப்ரவரியில் எங்கள் ஷா ஆலம் செஷன்ஸ் நீதிமன்றம் 30 மாதச் சிறை விதித்தது. மறு ஆண்டு நவம்பரில் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

வழக்கின் சரி தவறு வழக்கறிஞர்கள் பாடு. எனக்கு உறுத்துவது வேறு. பொதுப்பணத்தில் நடந்த ஓர் உணவுத் திட்டத்தின் கணக்கைப் பொதுமக்கள் பார்க்க, வங்கி ரகசியம் கசிய வேண்டியிருந்தது. சின்ன மானியத்துக்கு ஒவ்வொரு ரசீதையும் ஒட்டச் சொல்கிற முறை, பெரிய கடனில் கணக்காய்வாளர் எழுதும் வரை கண்ணை மூடிக்கொண்டது. இன்றும் மாட்டிறைச்சியில் நம் தேவையின் கால்வாசியைக்கூட நாம் உள்ளூரில் தயாரிப்பதில்லை.

இதில் தமிழனுக்கு ஒரு தனி வலி உண்டு. ஷா ஆலம் எழுவதற்கு முன் இங்கே இருந்தவை தோட்டங்கள். மிட்லண்ட்ஸ், எபோர் என்ற பெயர்கள் இப்போது தமிழ்ப்பள்ளிப் பலகைகளில்தான் மிச்சம். அங்கே லயத்துக்குப் பின்னால் ஆளுக்கொரு காய்கறித் துண்டு, கொட்டகையில் மாடு. காலையில் பால்மரம் சீவிவிட்டு மாலையில் மாட்டை மேய்த்தார்கள். செம்பனைக்கு நடுவே மாடு மேய்ந்தால் களைச் செலவு குறையும், சாணம் உரமாகும் என்பதை இன்று ஒருங்கிணைந்த வேளாண்மை என்று கருத்தரங்கில் சொல்கிறார்கள். நம் ஆட்கள் அதை எந்தப் பெயரும் இல்லாமல் செய்தார்கள். தோட்டம் குடியிருப்புத் தாமானாக மாறியபோது வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். மாட்டுக்கும் வெண்டைக்கும் மாற்று நிலம் யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது.

இப்போது பாட்டி சொன்ன இரண்டாம் விஷயத்துக்கு, அதாவது இடத்துக்கு, வருகிறேன். நகரத்தில் பயிர் செய்ய முன்வருகிறவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது தற்காலிகக் குடியிருப்பு உரிமம், மலாயில் எல்பிஎஸ். தேசிய நிலச் சட்டப்படி அது ஓராண்டைத் தாண்டாது. எப்போது வாங்கினாலும் டிசம்பர் 31இல் முடிந்துவிடும். புதுப்பிக்கக் கேட்கலாம், கட்டாயமில்லை. இன்னொருவருக்கு மாற்ற முடியாது. வைத்திருப்பவர் செத்தால் உரிமமும் செத்தது. இதைக் கொண்டுபோய் எந்த வங்கியில் பிணையாக வைப்பது? 5 மில்லியன் வரை தருகிற கடன் நிதி இந்த ஆளுக்கு வானத்து நிலவு. மானியமோ ஐந்தாண்டு நீடிப்புத் திட்டம் எழுதிக் கொடு என்கிறது. ஓராண்டு நிலத்தில் ஐந்தாண்டுத் திட்டம் எழுதுகிறவன் பொய்தான் எழுத வேண்டும். நிரந்தரமாகச் செலவழித்து மண்ணைத் திருத்துவதைவிட, தூக்கிக்கொண்டு ஓடத் தக்க பிவிசி குழாயே அவனுக்குப் புத்திசாலித்தனம். அந்த வகையில் நிதிகளின் குழாய் மோகத்துக்கும் நிலச் சட்டத்துக்கும் நேரடி உறவு இருக்கிறது.

கோலாலம்பூர் பங்சாரில் 2017இல் நிலவடிவமைப்பாளர் இங் செக் சான் தொடங்கிய கெபுன்-கெபுன் பங்சாரைப் பாருங்கள். மின்கம்பி ஒதுக்கு நிலம், தன்னார்வலர் உழைப்பு, விளைந்ததில் ஒரு பகுதி இலவச உணவுக் கூடங்களுக்கு. வெளிநாட்டார்கூட வந்து பார்த்துப் போகிற தோட்டம். அதற்கே அக்கம்பக்கத்து எதிர்ப்பும் காலி செய்யச் சொல்லும் நோட்டீசும் வந்தன. பேராக் கந்தானில் 2023 அக்டோபரில், பல்லாண்டு காய்கறி போட்ட விவசாயிகளின் நிலத்தில் இயந்திரத்தை இறக்கினார்கள். தடுக்கப்போன மலேசிய சோசலிசக் கட்சியின் (பிஎஸ்எம்) அருட்செல்வன் கைதானார். உணவு இறக்குமதி ஏறுகிறது என்று நாடாளுமன்றத்தில் கவலைப்பட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டு அது.

எதிர்வாதமும் நியாயமானதுதான். நிலத்தை நீண்ட காலத்துக்குக் கொடுத்தால் கொட்டகை வீடாகும், வீடு வாடகைக்குப் போகும், கொசு பெருகி டிங்கி வரும் என்று ஊராட்சி மன்றங்கள் அஞ்சுகின்றன. அப்படி நடந்த இடங்களை நானே பார்த்திருக்கிறேன். பாட்டியின் வெண்டை ஷா ஆலமுக்குச் சோறு போடாது என்பதும் உண்மை. அரிசியும் தீவனச் சோளமும் ஆராய்ச்சி நிலையங்களும் வாய்க்கால்களும் கேட்கிற வேலை. அங்கே பெரிய நிதி வேண்டும், பத்து வருடப் பொறுமையும் வேண்டும். அதனால் நான் குறை சொல்வது தொகையை அல்ல. தவணை தவறாக இருக்கிறது. தொடக்கச் செலவை மட்டும் தந்து, இரண்டு ஆண்டில் அறிக்கை கேட்டு, படம் எடுத்து முடித்துவிடுகிற நிதி விளம்பரச் செலவாகத்தான் முடிகிறது. என் தீர்ப்பு அதுதான்.

நில அலுவலகத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் பட்டா உள்ள இடம் நம்மிடமும் கொஞ்சம் இருக்கிறது: கோயில்கள், சங்கங்கள், சில தமிழ்ப்பள்ளிகள். இதைப் படிக்கிற நீங்கள் ஏதாவது ஒரு செயலவையில் இருந்தால், அங்கே கால் ஏக்கர் சும்மா கிடந்தால், மானியப் பாரத்தைத் தேடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பயிர் செய்யத் தெரிந்த யாருக்காவது பத்தாண்டுக்கு அதை எழுத்தில் கொடுங்கள். பம்ப் வைத்தால், அதை மாற்ற 180 வெள்ளியையும் தனியே எடுத்து வையுங்கள்.