மற்றும் பலர்: காக்கா இராதாகிருஷ்ணனும் சிறுவேடக் கலையும்

தமிழ்த் திரைப்படம் தொடங்குகையில் திரையில் பெயர்கள் வரிசையாக வந்து மறையும். நாயகன் பெயர் திரை முழுவதையும் நிறைக்கும். நாயகியின் பெயர் அதற்கு அடுத்து வரும். பின்னர் மூன்று மூன்றாக, ஐந்து ஐந்தாகப் பெயர்கள் சுருங்கிக்கொண்டே போகும். இறுதியில் ‘மற்றும் பலர்’ என்னும் இரண்டு சொற்கள் தோன்றும். அவ்விரு சொற்களுக்குள் எத்தனையோ மனிதர்களின் வாழ்நாள் உழைப்பு அடங்கிக் கிடக்கிறது. படம் எடுத்தோர் அங்கே நிறுத்திக்கொண்டதில் வியப்பில்லை. திறனாய்வாளரும் அங்கேயே நிறுத்திக்கொண்டதுதான் வருந்தத்தக்கது. நாயகர்களைப் பற்றித் தமிழில் நூல்கள் மலைபோல் குவிந்துள்ளன. சிறுவேடம் ஏற்றோரைப் பற்றியோ, அவர்கள் மறைந்த மறுநாள் நாளிதழில் வரும் சில வரிகளே மிச்சம்.

ஆயினும் மக்கள் நினைவு வேறு வகையானது. ஆயர் குரோ, ஜாசின், அலோர் காஜா முதலிய மலாக்கா வட்டாரங்களில் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், சம்பளம் போட்ட வாரம் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவது பெருவிழாவாகவே இருந்தது. லயத்து மக்கள் பாயும் சாக்கும் கொணர்ந்து விரித்து அமர்வர். மறுநாள் விடியலில் பால்மரக் காட்டில் நாயகனின் வசனம் ஒலித்தது உண்மையே. ஆனால் ஒருவரையொருவர் சீண்டிச் சிரித்து மகிழ அம்மக்கள் எடுத்தாண்டவை பெரும்பாலும் சிறுவேடக்காரரின் சேட்டைகளே. நாயகனைப் போற்றினர், சிறு நடிகரிடம் தங்களைக் கண்டனர். திறனாய்வு கவனிக்கத் தவறியதைத் தோட்டத் திடல் கவனித்திருந்தது.

சிறுவேடம் என்பது யாது? அளவில் சிறிது என்பதால் அது எளிதன்று. நாயகனுக்குத் தன்னை நிறுவிக்கொள்ள மூன்று மணி நேரம் உண்டு. சிறு நடிகனுக்குக் கிடைப்பதோ மூன்று நிமிடம். அதற்குள் அவன் ஓர் ஊரை, ஒரு தொழிலை, ஒரு குணத்தைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதே வேளையில் நாயகன்மீது விழும் ஒளியை மறைத்துவிடவும் கூடாது. தோன்ற வேண்டும், துருத்திக்கொண்டு நிற்கலாகாது. இவ்விரண்டுக்கும் இடையில் நடப்பது கயிற்றின்மேல் நடப்பதை ஒக்கும்.

மேலை நாட்டார் இவ்வருமையைச் சற்று முன்னரே உணர்ந்தனர். ஹாலிவுட்டின் ஆஸ்கார் விருதுகளில், 1936ஆம் ஆண்டுப் படங்கள் தொட்டே துணை நடிகருக்கெனத் தனி விருது ஏற்பட்டது. அதனை முதலில் பெற்ற வால்டர் பிரென்னன், கூட்டத்தில் ஒருவராக நின்று தொடங்கியவர். ஐந்தாண்டுக்குள் அவ்விருதை மும்முறை அவர் பெற்றார். இந்தியத் தேசியத் திரைப்பட விருதுகளில் துணை நடிகருக்குத் தனி விருது வந்ததோ 1984ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான். இடைப்பட்ட ஏறத்தாழ அரை நூற்றாண்டில் தமிழ்த் திரையைத் தாங்கி நின்ற சிறுவேடக்காரரை அளக்க நம்மிடம் கோலே இல்லாதிருந்தது. அக்கோலை நாமே செய்துகொள்ள முனைவோமாயின், எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்கவர் காக்கா இராதாகிருஷ்ணன்.

1925இல் பிறந்த இராதாகிருஷ்ணன், பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட சிறுவர் நாடகக் குழுவில் வளர்ந்தவர். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழுவில் அவர் இருந்தபோது, திருச்சிராப்பள்ளியில் அவருடைய அண்டை அயலில் வாழ்ந்த கணேசன் என்னும் சிறுவனும் நாடக ஆசை கொண்டு அக்குழுவில் வந்து சேர்ந்தான். அவ்வாறு சேர்வதற்கு இராதாகிருஷ்ணனின் துணையும் இருந்தது. அச்சிறுவனே பிற்காலத்தில் சிவாஜி கணேசன் எனத் தமிழுலகம் கொண்டாடிய கலைஞர். ஒரே கூடாரத்தில் உண்டு உறங்கி, ஒரே ஆசிரியரிடம் பாடம் கேட்ட இருவருள் ஒருவர் திரையை நிறைத்தார். மற்றவர் திரையின் ஓரத்தில் நின்றார். இவ்விருவர் பாதையும் எங்கெங்கே சந்தித்தன என்று நோக்கின், சிறுவேடக் கலையின் இயல்பு நன்கு விளங்கும்.

பாய்ஸ் கம்பெனியின் பயிற்சி கடுமையானது. வைகறையில் எழுதல், பாட்டுப் பயிற்சி, வசனத்தை நெட்டுருச் செய்தல், பெண் வேடமாயினும் கிழவர் வேடமாயினும் கொடுத்ததை ஏற்றல் என்று அது நடந்தது. இன்று அரசனாக வந்தவன் நாளை வாயிற்காவலனாக நிற்பான். எல்லார் பாடத்தையும் எல்லாரும் அறிந்திருத்தல் வேண்டும். ஒருவன் நோயுற்றால் மற்றொருவன் அவ்விடத்தில் நின்றாக வேண்டும். ஆகவே அங்கே வேடத்தில் பெரிது சிறிது என்ற எண்ணம் வேரூன்ற இடமில்லை. நாடகம் முழுவதும் தன்னுடையது என்னும் உணர்வோடு ஓரத்தில் நிற்கும் பழக்கம் அங்கேதான் கைவந்தது.

1949இல் வெளிவந்த ‘மங்கையர்க்கரசி’ பி. யு. சின்னப்பாவின் படம். அதில் இராதாகிருஷ்ணன் ஏற்றது ஓர் அப்பாவியின் வேடம். வேலை கிடைக்கக் ‘காக்கா பிடிக்க’ வேண்டும் என்ற சொல்லை உள்ளபடியே எடுத்துக்கொண்டு, உயிருள்ள காக்கையைப் பிடிக்கப் புறப்படுகிறான் அவன். மேலோட்டமாகப் பார்த்தால் இது சொல் விளையாட்டு. சற்று ஆழ்ந்து நோக்கின், முகத்துதியால் உயர்வோர் நிறைந்த உலகில் முகத்துதி என்றால் என்னவென்றே அறியாத ஒருவனின் கதை. அவன் முட்டாளா, அவனைச் சுற்றியிருக்கும் உலகம் முட்டாளா என்ற வினாவை அச்சிறு வேடம் எழுப்பிவிடுகிறது. நடிப்பவர் தம்மை அறிவாளி என்று காட்டிக்கொள்ளச் சிறிதே முயன்றாலும் அந்நகைச்சுவை செத்துப்போகும். அவன் அதனை முழுமனத்தோடு நம்ப வேண்டும். இராதாகிருஷ்ணன் அவ்வாறே நம்பி நடித்தார்.

அன்றுமுதல் ‘காக்கா’ அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தமிழ்த் திரையில் இஃது ஒரு மரபே ஆகும். ‘டணால்’ தங்கவேலு, ‘என்னத்த’ கன்னையா, ‘டைப்பிஸ்ட்’ கோபு, ‘ஓமக்குச்சி’ நரசிம்மன் என அடைமொழி பெற்றோர் பலர். நாயகர்க்குக் கிடைக்கும் அடைமொழிகள் திலகம், தளபதி, மன்னன் என்று உயரத்தைக் குறிப்பன. சிறு நடிகர்க்குக் கிடைத்தவையோ ஒரு பறவை, ஒரு தொழில், ஓர் ஒலி, ஒரு குச்சி. ஆயினும் இவற்றை இழிவென்று தள்ளிவிடல் தகாது. நாயகனின் பட்டம் பெரும்பாலும் மேடையில் ஒருவர் சூட்டியது. சிறு நடிகனின் அடைமொழியோ அவன் நடித்த வேடத்திலிருந்தே முளைத்தது. ஒரே காட்சியில் மக்கள் மனத்தில் பதிந்தமைக்கு அதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆனால் அப்பெயரே விலங்காகவும் ஆகக்கூடும். காக்கா என்றதும் அசடு, அப்பாவி என்னும் எதிர்பார்ப்பு எழுந்துவிடுகிறது. இயக்குநரும் அதையே கேட்கிறார். பார்ப்போரும் அதையே விழைகின்றனர். அவர் நடித்த படங்கள் அனைத்திலும் ஒரே தரம் இருந்தது என்று சொல்வது நடுநிலை ஆகாது. எழுதப்பட்ட வேடம் வெறுமையாக இருந்த இடங்களில், பழகிய அசட்டுத்தனமே திரும்பவும் வந்து நின்றதை மறைக்க வேண்டியதில்லை. நாகேஷ் ‘சர்வர் சுந்தரம்’ (1964) வழியே நகைச்சுவை நடிகரும் ஒரு படத்தைத் தோளில் சுமக்கலாம் என்று காட்டினார். அத்தகைய வாய்ப்பு இராதாகிருஷ்ணனுக்கு வரவில்லை. இக்குறையில் நடிகருக்குரிய பங்கைவிட, அவரை அறிந்தும் ஒரே கூண்டில் வைத்த திரையுலகின் பங்கே பெரிது.

அக்கூண்டுக்குள்ளேயே அவர் எத்துணை தூரம் செல்ல முடிந்தது என்பதற்கு ‘மனோகரா’ (1954) சான்று. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவி, மு. கருணாநிதியின் உரையாடலோடு எல். வி. பிரசாத் இயக்கிய படம் அது. சங்கிலியால் பிணிக்கப்பட்ட மனோகரனாகக் கணேசன் முழங்குவதைத் தமிழர் மறக்கவில்லை. அதே அரண்மனையில் வசந்தசேனையின் பேதை மகன் வசந்தனாக வந்தவர் காக்கா இராதாகிருஷ்ணன். ஒருபுறம் வீரமும் சொல்லாற்றலும் பொங்கும் இளவரசன். மறுபுறம் சொல்லும் செயலும் சிதறிய ஒருவன். சூழ்ச்சி வென்றால் அரியணையில் அமரப்போவது யார் என்பதை வசந்தனைப் பார்த்த மாத்திரத்தில் காண்போர் உணர்கின்றனர். நாட்டுக்கு வரவிருக்கும் கேட்டினை விளக்க நீண்ட வசனம் தேவைப்படவில்லை. அப்பேதையின் முகமே போதுமானதாயிற்று. மனோகரனின் முழக்கம் அத்துணை உயரத்தில் ஒலிப்பதற்கு, கீழே நிற்கும் இப்பிதற்றலும் ஒரு காரணம். பள்ளம் இருந்தால்தானே மேட்டின் உயரம் தெரியும்? அப்பள்ளத்தைத் தோண்டிக் கொடுப்பதே சிறு நடிகனின் தொண்டு.

முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து இவ்விருவரும் மீண்டும் எதிரெதிரே நின்றனர். 1992இல் கமல்ஹாசன் எழுதிப் பரதன் இயக்கிய ‘தேவர் மகன்’ படத்தில் சிவாஜி கணேசன் பெரிய தேவர். காக்கா இராதாகிருஷ்ணன் சின்னத் தேவர். பகைமை பூண்ட இரு குடும்பங்களின் தலைவர்கள் அவர்கள், உறவில் சகோதரர்கள். வாழ்வில் கணேசனைவிட மூன்று வயது மூத்தவர், திரையில் அவருக்கு இளையவராக வந்தார். நாசர் ஏற்ற மாயனுக்குத் தந்தை அவரே. படத்தில் அவர் தோன்றும் காட்சிகள் சில. பேசும் சொற்களும் சிலவே.

இங்கே காக்கை இல்லை, அசடும் இல்லை. உடல் தளர்ந்துபோன பின்னும் மனத்தில் தளராத வன்மமே அங்கு அமர்ந்திருக்கிறது. மாயனின் வெறி எங்கிருந்து வந்தது என்று கதை விரித்துரைக்கவில்லை. தந்தையைப் பார்த்தால் மகன் விளங்குகிறான். பெரிய தேவரின் பெருமிதம் ஊரறிந்தது. அதற்கு எதிரே, ஊர் மதியாத ஒருவனின் உள்ளக் கொதிப்பைச் சின்னத் தேவர் பேசாமலே உணர்த்துகிறார். நாற்பது ஆண்டுக்கு மேல் சிரிக்க வைத்த முகம், சிரிப்பை முற்றிலும் துறந்து நின்றபோது, அம்முகத்துக்குள் இத்தனை காலம் இன்னொரு நடிகர் காத்திருந்தார் என்பது வெளிப்பட்டது. அப்படம் ஐந்து தேசிய விருதுகளைப் பெற்றது. அவர் பெயர் எதிலும் இல்லை. அவற்றைப் பெற்றோர் தகுதியுடையோரே. எனினும் அவ்வீட்டின் எதிர்வீடு உண்மையாகத் தோன்றாதிருந்தால் இவ்வீட்டின் துயரமும் உண்மையாகத் தோன்றியிராது என்பதைச் சொல்ல வேண்டியது திறனாய்வின் கடமை.

பின்னரும் அவர் ஓய்ந்துவிடவில்லை. ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ (2004) வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பதை நெருங்கியிருந்தது. அப்படத்திலும் முதியவராகத் தோன்றிப் புதிய தலைமுறையின் முன் நின்றார். 2012ஆம் ஆண்டு சூன் திங்களில் மறைந்தார். கறுப்பு வெள்ளைக் காலத்தில் தொடங்கிய ஒரு கலை வாழ்வு, தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிய வழக்கம் மறைந்து, வீட்டுக்கு வீடு படம் பார்க்கும் காலம் வரை நீண்டது.

இவர் வாழ்விலிருந்து திறனாய்வுக்குக் கிடைக்கும் அளவுகோல் எளியது. சிறு நடிகனை அவன் பேசிய வரிகளைக் கொண்டு எண்ணலாகாது. அவனை அக்காட்சியிலிருந்து எடுத்துவிட்டால் எது இடிந்து விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஒன்றும் விழவில்லையாயின் அவ்வேடம் வெறும் நிரப்பல். வசந்தனை எடுத்துவிட்டால் மனோகரனின் அறச்சீற்றம் பாதி வலுவிழக்கும். சின்னத் தேவரை எடுத்துவிட்டால் மாயன் வேரற்ற கொடியவனாவான். தூணின் பருமனைப் பார்ப்பதன்று, அது தாங்கும் சுமையைப் பார்ப்பதே முறை.

இவ்வளவுகோல் திரைக்கு மட்டும் உரியதன்று. தமிழ்ப்பள்ளிகளின் ஆண்டு விழா நாடகங்களில் அரசன் வேடத்துக்குப் போட்டியிடும் பிள்ளைகள் பலர். வாயிற்காவலன் வேடம் கிடைத்ததென்று கண் கலங்கும் பிள்ளைகளும் உண்டு. அப்பிள்ளையிடம் சொல்லத்தக்க ஒரு கதை தமிழில் இருக்கிறது. ஒரே நாடகக் குழுவில் வளர்ந்த இரு சிறுவருள் ஒருவர் நடிகர் திலகமானார், மற்றவர் காக்காவானார். ஆயினும் முதியவர்களாக இருவரும் எதிரெதிரே நின்றபோது, ஒருவரின்றி மற்றவரின் நடிப்பு முழுமை பெறவில்லை. இக்கதையைச் சொல்ல ஆசிரியர்க்கும், எழுதத் திறனாய்வாளர்க்கும் மனம் வருமாயின், ‘மற்றும் பலர்’ என்னும் இரு சொற்களுக்குள் மறைந்து கிடப்போர் ஒவ்வொருவராகத் தம் பெயரோடு வெளிவருவர்.