களிமண் தளமும் ஆண்டுப் போட்டியும்

களிமண் டென்னிஸை ஒரே மரபாகப் பார்ப்பது பிழை. பிரெஞ்சு ஓப்பன் நடக்கும் பாரிஸின் ரோலான் காரோஸில் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் செங்கல் தூள் மட்டுமே. அதன் கீழே சுண்ணாம்புக்கல் துகள், நிலக்கரிக் கசடு, சரளை என்று அடுக்குகள் இருக்கின்றன. அவை ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. மேலிருக்கும் தூளால்தான் ஆட்டக்காரர் சறுக்கிக்கொண்டே போய்ப் பந்தை எட்டுகிறார். தரையில் பட்ட பந்து வேகம் குறைந்து தோளுயரம் எழுகிறது. அமெரிக்கப் பச்சைத் தளம் நொறுக்கிய பாறைப் பொடியால் ஆனது, சற்றே வேகமானது. மண்ணை இறுக்கிச் சாணம் மெழுகிய நம் பழைய கோர்ட் வேறு ரகம். அதில் சறுக்கி ஆடப் பழகுவது கடினம்.

ஆனால் ஒரு நாட்டின் ஆட்டத் தரத்தை மண் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆண்டு தவறாமல் நடக்கும் தொழில்முறைப் போட்டியே அதை வளர்க்கிறது என்பது என் துணிபு. பார்சிலோனா போட்டி 1953-இல் தொடங்கியது. ஸ்பெயினின் ரஃபேல் நடால் அங்கே 12 முறை வென்றார். உள்ளூர்ச் சிறுவன் உலகத் தரத்தை ஆண்டுதோறும் அருகிலிருந்து பார்க்கிறான், பின்னர் அதே கோர்ட்டில் ஆடுகிறான். கடினத் தளமே ஆளும் அமெரிக்காவில்கூட, 1910-இல் ஒமாஹாவில் பிறந்த களிமண் கோர்ட் சாம்பியன்ஷிப் பல ஊர் மாறி இன்று ஹூஸ்டனில் நிலைத்திருக்கிறது.

நமக்கோ களிமண்ணில் அப்படி ஒன்று இல்லை. அன்றைய திருவிதாங்கூரின் நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1962-இல் பாரிஸில் கால் இறுதி வரை போனார். 1993 டேவிஸ் கோப்பையில் பிரான்சின் பிரெஜூஸ் களிமண்ணில் ரமேஷ் கிருஷ்ணனும் லியாண்டர் பயஸும் பிரான்சையே வீழ்த்தினார்கள். 'போட்டி இல்லாமலே வென்றோமே' என்று இதைக் காட்டிக் கேட்பவர்கள் உண்டு. அவை தனிமனிதர்களின் மேதைமை. வழிவழியாக வந்த பயிற்சியின் விளைவல்ல. 1987 டேவிஸ் கோப்பை இறுதியில் சுவீடன் கோதன்பர்க்கில் களிமண் தளம் போட்டது, நாம் 0-5 என்று தோற்றோம். அடுத்த தலைமுறையின் சுமித் நாகல் ஜெர்மனியில் பயிற்சி பெற்றார். ரோம், தம்பெரே, ஹைல்பிரான் களிமண் சேலஞ்சர் போட்டிகளை வென்றார். 2024-இல் மான்டே கார்லோவில் வென்று, களிமண்ணில் நடக்கும் மாஸ்டர்ஸ் 1000 போட்டியின் பிரதானச் சுற்றில் ஒற்றையர் ஆட்டம் வென்ற முதல் இந்தியரும் ஆனார். அந்த ஆண்டு சென்னை, பெங்களூரு, புனே சேலஞ்சர்கள் கடினத் தளத்தில்தான் நடந்தன.

அப்படி ஒரு களிமண் போட்டியைக் கேரளத்தில் நடத்தலாம் என்பேன். மழை ஒரு நியாயமான தடை. அங்கே இரண்டு பருவமழையும் உண்டு. ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை பெரும்பாலும் வறண்ட காலம். தென் அமெரிக்காவின் களிமண் போட்டிகளும் பிப்ரவரியில்தான் நடக்கின்றன. பணம் இன்னொரு தடை. செலவு மிகுந்த ஏடிபி 250 தரப் போட்டி வேண்டாம், அதற்கு ஒரு படி கீழான சேலஞ்சர் போதும். திருவனந்தபுரத்தில், கழக்கூட்டத்தை அடுத்த காரியவட்டத்தில் 1985 முதல் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. 2015 தேசிய விளையாட்டுக்கு எழுந்த கிரீன்ஃபீல்டு அரங்கமும் அங்கேதான். டென்னிஸ் சங்கங்களும் கேரள அரசும் அங்கே முறையான செங்கல் தூள் கோர்ட்டுகளை அமைத்து, ஆண்டுதோறும் அதே வாரத்தில், பத்து ஆண்டுகள் விடாமல் ஒரு போட்டியை நடத்த முன்வர வேண்டும்.