பனிவகைக் குழுவும் ஒருவகை ஆட்டத்தின் இலக்கணமும்

ஆடுவோன் தனக்குத்தானே ஒரு வரையறையை விதித்துக்கொண்டு ஆடுதல் பயனுடைய முயற்சியா, வீண் பகட்டா என்னும் வினா அண்மைக் காலத்தில் கணினி ஆட்டங்களைப் பற்றி எழுந்துள்ளது. பல வகை உயிர்களிலிருந்து குழு அமைக்க இடமிருக்கவும், ஒரே வகையை மட்டும் கொண்டு இறுதிவரை செல்ல முயல்வோர் பலர். 'ஒரு வகையை ஆறு மடங்காக்கினால் அதன் குறையும் ஆறு மடங்காகும்' என்பது இம்முயற்சியை மறுப்போர் கூற்று. இக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதைப் பனிவகைக் குழு ஒன்றைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

ஆய்வுக்குரிய ஆட்டம் 'போக்கேரோக்' என்பது. போக்கிமான் தொடரின் உயிர்களையும் விதிகளையும் எடுத்துக்கொண்டு ஆர்வலர்கள் இயற்றிய இஃது 2024ஆம் ஆண்டில் பரவலாக அறியப்பட்டது. 1980இல் தோன்றிய 'ரோக்' என்னும் ஆட்டத்தின் வழிவந்த மரபை இதுவும் பின்பற்றுகிறது. அஃதாவது, களமும் பொருளும் ஒவ்வொரு முறையும் மாறிவரும். குழு முழுதும் வீழின் முதலிலிருந்து தொடங்கல் வேண்டும். இதன் முதன்மைப் பகுதியில் 200 அலைகள் உள்ளன. பத்தாம் அலைதோறும் வலிய தலைமைப் பகை ஒன்று எதிர்ப்படும். பத்து அலை கடந்தபின் குழு முழுநலம் பெறும். இடையில் நேரும் காயத்தை ஆடுவோன் தன் கைப்பொருளால் ஆற்றிக்கொள்ள வேண்டும். 'ஒருவகை' என்னும் அறைகூவல் இதன் விதிகளிலேயே இடம்பெற்றுள்ளது. வரையறை உயிரின் வகைக்கே உரியது. அவ்வுயிர் பயிலும் தாக்குகள் எவ்வகையினவாயினும் இருக்கலாம். இவ்வேறுபாடு பின்னர்ப் பயன்படும்.

பகைவர்க்குரிய இலக்கணம்

ஒருவகைக் குழு புதிதாகத் தோன்றியதன்று. 1996இல் வெளிவந்த முதல் போக்கிமான் ஆட்டங்களிலேயே அது காணப்படுகிறது. ஆயின் ஆடுவோனுக்கு உரியதாக அன்று, அவன் வெல்ல வேண்டிய தலைவர்களுக்கு உரியதாகவே காணப்படுகிறது. முதற்கண் எதிர்ப்படும் பிராக் என்பான் பாறைவகையான். அவனிடமுள்ள ஜியோடூட், ஓனிக்ஸ் ஆகிய இரண்டும் பாறையும் நிலமும் ஒருங்கே பெற்றவை. ஆதலின் நீர்த்தாக்கும் புல்தாக்கும் அவற்றை நான்மடங்காக வருத்தும். தோற்பதற்கென்றே அமைந்த குழு அது எனலாம்.

பனிவகைக்குரியவளாகக் கூறப்படும் லோரலையின் குழு இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. அவளுடைய ஐந்து உயிர்களுள் டியூகாங், கிளாய்ஸ்டர், லாப்ராஸ் ஆகிய மூன்றும் நீரும் பனியுமாம். ஜின்க்ஸ் பனியும் உளமுமாம். ஸ்லோப்ரோவோ நீரும் உளமுமாய்ப் பனியே இல்லாதது. இக்குழுவை மின்தாக்கு எளிதில் வெல்லும். ஐந்தனுள் நான்கை அஃது இருமடங்காக வருத்தும். பனிவகைக்கு மின்னால் வரும் கேடு ஒன்றுமில்லை என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும். அவளை வீழ்த்துவது பனியின் குறையன்று. நீர் என்னும் துணைவகை மீண்டும் மீண்டும் வந்தமையே அவள் குறை. டிராகன் வகையினனாகிய லான்ஸின் ஐந்து உயிர்களுள்ளும் கியாரடோஸ், ஏரோடாக்டில் ஆகிய இரண்டும் டிராகன் அல்ல. அன்று இருந்த 151 உயிர்களுள் டிராகன் வகையின ஒரு குடியைச் சேர்ந்த மூன்றே. தூய ஒருவகைக் குழுவுக்கு வேண்டிய சொல்வளம் அன்றைய மொழியில் இல்லை என்றே கூறலாம்.

எனவே, இன்று ஒருவகைக் குழுவை மேற்கொள்வோன் தோற்போர்க்கென வகுத்த இடத்தில் தானே விரும்பி நிற்கிறான். அவ்விடத்திலிருந்தும் வெல்லக்கூடுமா என்பதே அவன் எழுப்பும் வினா.

பனியின் குறையும் துணைவகையும்

பதினெட்டு வகைகளுள் தாங்கும் ஆற்றலில் மிக எளியது பனி. அது தாங்குவது பனித்தாக்கு ஒன்றையே. நெருப்பு, மற்போர், பாறை, எஃகு ஆகிய நான்கும் அதனை இருமடங்காக வருத்தும். இவற்றுள் எஃகு 1999இல் புதுவகையாகச் சேர்ந்தது; அதனால் மூன்றாயிருந்த பனியின் குறை நான்காயிற்று. மறுப்போர் கூற்று எங்கேனும் மெய்யாகுமெனின் ஈண்டே மெய்யாதல் வேண்டும்.

லாப்ராஸ், ஃப்ராஸ்லாஸ், மாமோஸ்வைன் என்னும் மூன்றையும் ஒருங்கு வைத்துக் காண்போம். லாப்ராஸ் நீரும் பனியும். நீர்வகை நெருப்பையும் எஃகையும் தாங்குவதால் அவ்விரண்டும் அதனிடத்து இயல்பளவாய்க் குறையும். ஃப்ராஸ்லாஸ் பனியும் பேயும். மற்போர்த் தாக்கு அதனைச் சிறிதும் தீண்டாது. மாமோஸ்வைன் பனியும் நிலமும். பாறைத்தாக்கு அதனிடத்து இயல்பளவே. ஆக, பனியின் நான்கு குறைகளுக்கும் எதிர்நிற்க ஒவ்வோர் உயிர் கிடைக்கிறது. லோரலையை வீழ்த்திய மின்தாக்கும் இக்குழுவில் லாப்ராஸ் ஒன்றையே வருத்தும். மாமோஸ்வைனை அது தீண்டவே தீண்டாது. மேலும், மாமோஸ்வைன் பயிலும் நிலத்தாக்கு நெருப்பு, பாறை, எஃகு ஆகிய மூவகைப் பகையையும் இருமடங்காக வருத்த வல்லது.

இவ்வமைப்பில் ஓர் இடர் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. நெருப்பு, எஃகு ஆகிய இரண்டையும் எதிர்ப்பது லாப்ராஸ் ஒன்றே. அது வீழின் இரு வாயில்கள் ஒருங்கே திறக்கும். ஆதலின், பத்து அலைகளுக்கு இடைப்பட்ட காலத்தில் கைப்பொருளை முதற்கண் லாப்ராஸின் நலத்துக்கே செலவிடல் வேண்டும். நான்காம் உயிரைச் சேர்க்குங்காலும் எண்ணிச் சேர்த்தல் வேண்டும். பனியும் தேவதையுமாகிய அலோலா நைன்டேல்ஸ் மற்போரை இயல்பளவாக்கும். ஆயின் எஃகுத்தாக்கு அதனை நான்மடங்காக வருத்தும். முன்னரே ஃப்ராஸ்லாஸால் அடைபட்ட வாயிலை மீண்டும் அடைத்து, அடைபடாத வாயிலை அகலத் திறப்பதாக அது முடியும்.

இறுதிப் போர்

200ஆம் அலையில் எதிர்ப்படும் எட்டர்னாடஸ் நச்சும் டிராகனுமாம். அதனை இருமடங்காக வருத்துவன நிலம், உளம், பனி, டிராகன் ஆகிய நான்கு வகைத் தாக்குகள். இவற்றுள் பனியும் நிலமும் மாமோஸ்வைனின் சொந்த வகைகள். தன் வகைத் தாக்கு ஒன்றரை மடங்கு வலிமை பெறும் என்பது விதி; ஆதலின் இரு முனையிலும் அது மிகும். எட்டர்னாடஸின் நச்சுத்தாக்கு மாமோஸ்வைன், ஃப்ராஸ்லாஸ் ஆகிய இரண்டனிடத்தும் பாதியாகும். அதன் நெருப்புத்தாக்குக்கு எதிர்நிற்க லாப்ராஸ் உண்டு. வழியெல்லாம் இடர்ப்பட்டு வந்த குழு, முடிவில் தனக்கேற்ற பகையைக் காண்கிறது. இஃது ஆடுவோன் தேர்வால் விளைந்ததே; பனியைத் தேர்ந்தவன் இறுதிப் பகையை நோக்கியே தேர்ந்தான் எனின், அவன் தேர்வைப் பகட்டு என்பார் உளரோ?

மதிப்பிடும் முறை

இனி, எல்லா ஒருவகை ஆட்டங்களையும் ஒரே தட்டில் நிறுத்தல் தகாது. எஃகு பத்து வகைகளைத் தாங்கும். நஞ்சு அதனைத் தீண்டாது. அதன் குறைகள் நெருப்பு, மற்போர், நிலம் ஆகிய மூன்றே. எஃகுக் குழுவைக் கொண்டு வென்றோன் வரையறையைப் பெயரளவில் ஏற்றானே அன்றி, அதன் சுமையை மிகுதியும் சுமந்தான் அல்லன். மறுப்போர் கூற்றுக்கு இத்தகைய ஆட்டங்களே இடந்தந்தன என்று கருதுகிறோம்.

நம் மரபில் இதனையொத்த வழக்கு ஒன்று உண்டு. இதழ் ஒட்டாமலும் குவியாமலும் பாடும் நிரோட்டகத்தைத் தண்டியலங்காரம் சித்திரகவியுள் வைத்துக் கூறும். துறைமங்கலம் சிவப்பிரகாசர் யமகம், அந்தாதி ஆகிய கட்டுகளையும் உடன்சேர்த்துத் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி பாடினார். இத்தகைய பாடல்களை வெறும் சொல் விளையாட்டு என ஒதுக்குவோரும் உளர். விலக்கிய எழுத்துகளின் தொகையை மட்டும் எண்ணி அவற்றை மதிப்பிடல் ஆகாது. எஞ்சிய எழுத்துகளிலிருந்து புலவன் எதனைக் கண்டெடுத்தான் என்பதே அளவுகோல்.

அவ்வளவுகோலை ஈண்டும் கொள்ளலாம். வகையில் ஒன்றாய், துணைவகையில் வேறாய் அமையும் குழுவே சிறந்த ஒருவகைக் குழு. குறை ஆறு மடங்காதல் துணைவகையை எண்ணாது சேர்த்த குழுவுக்கே பொருந்தும் என்பது பிராக், லோரலை ஆகியோர் குழுக்களால் விளங்கும். எண்ணிச் சேர்த்த குழுவில் ஒன்றன் குறையை மற்றொன்று ஏற்று நிற்கும். பல வகைகளையும் கொண்டு ஆடுவோன் துணைவகையைப் பெரிதும் நோக்கவேண்டிய தேவை எழுவதில்லை. வரையறையை மேற்கொண்டவனுக்கோ அதுவே முழுப்பொருளாகிறது. ஆட்டத்துள் மறைந்து கிடந்த நுட்பம் ஒன்றை வெளிப்படுத்தும் அளவிற்கு இவ்வரையறை பயனுடைத்து என்பதே நம் முடிபு. ஏனை எளிய வகைகளைக் கொண்டு அமைத்த குழுக்களையும் இம்முறையால் ஆராயின், இம்முடிபு வலுப்பெறுதலோ திருந்துதலோ கூடும்.