புயல் காணும் இன்பம்

1996-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ட்விஸ்டர்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தைச் சிறந்த கலைப்படைப்பு என்று எவரும் வாதாட நாம் கேட்டதில்லை. ஆயினும் அதனை ஒருமுறை மட்டும் பார்த்து நிறுத்திக்கொண்டவர்களும் அரியர். கதை நலிந்தது; உரையாடல் அதனினும் நலிந்தது. இதை அறிந்திருந்தும், தொலைக்காட்சியில் அது தோன்றும்போது எழுந்து செல்ல மனமின்றி அமர்ந்துவிடுகிறோம். யாரேனும் அறைக்குள் வந்தால், 'சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது' என்று சொல்லியும் விடுகிறோம். வெட்கத்தோடு சுவைக்கப்படும் இவ்வின்பம் எத்தகையது, அவ்வெட்கம் எதைப் பற்றியது என்று ஆராய்வது போதகர்களுக்கும் இறையியல் மாணாக்கருக்கும் புறம்பான வேலையன்று.

யான் டி போண்ட் இயக்கிய இப்படத்தின் கதை அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் நிகழ்கிறது. 1969-இல் ஒரு சிறுமியின் கண்முன்னே அவள் தந்தையைச் சூறாவளி பறித்துச் செல்கிறது. வளர்ந்து ஆய்வாளராகிவிட்ட அந்த ஜோ, பிரிந்துபோன கணவன் பில்லோடு சேர்ந்து, 'டோரத்தி' என்ற கருவியைச் சூறாவளியின் பாதையில் வைத்துவிடப் பாடுபடுகிறாள். கருவியினுள் உள்ள சிறு உருண்டைகளைக் காற்று உறிஞ்சிக்கொள்ளும். அவை காற்றின் உட்கூற்றை அளந்து செய்தி அனுப்பும். மூன்று நிமிட முன்னெச்சரிக்கை பதினைந்து நிமிடமாக நீளும். இது முழுக் கற்பனையன்று. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க வானிலை ஆய்வாளர்கள் 'டோட்டோ' என்ற கருவியை இவ்வாறே சூறாவளியின் வழியில் வைக்கச் சில ஆண்டுகள் முயன்றனர்.

இப்படத்தின் வெற்றி கதையிலன்று, காற்றில் உள்ளது. அக்காற்றின் உறுமலுக்கு ஒட்டகத்தின் முனகலைப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்துப் பயன்படுத்தினார்களாம். உயிருள்ள ஏதோ ஒன்று நம்மைத் தேடி வருகிறது என்ற உணர்வு அதனால்தான் உண்டாகிறது போலும். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளில் அச்சத்தையும் மருட்கையையும் வெவ்வேறாக வைத்தார். மருட்கைக்கு அவர் கூறும் நிலைக்களன்கள் நான்கில் பெருமையும் ஒன்று; அளவிறந்த ஒன்றின்முன் மனம் திகைத்து நிற்பதே அது. அச்சத்தையும் மருட்கையையும் ஒரே சட்டத்துக்குள் அடைத்துத் தருவது இப்படத்தின் திறமை. இதில் வெட்கத்துக்கு இடமில்லை என்பதே நம் கருத்து. சங்கீதம் 29 இடிமுழக்கத்தையும் முறியும் கேதுரு மரங்களையும் களிப்போடு பாடுகிறது. யோபுவுக்கு மறுமொழி பெருங்காற்றினின்று வருகிறது. (எலியாவின் மெல்லிய குரலை இவ்விடத்தில் எதிர்பார்க்கும் வாசகர் பொறுத்தருள்க, அதனை அருளுரைகளில் வேண்டுமட்டும் கேட்டாயிற்று.) புயலைக் கண்டு வியப்பதே பாவம் என்று இளைஞரைக் கடிந்துகொள்ளும் போதகர் திருமறையைப் பாதியே படித்தவராவார்.

அப்படியாயின் உறுத்துவது எது?

சென்னை-அரக்கோணம் இருப்புப்பாதையில், திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் இடையே உள்ள வேப்பம்பட்டில் இப்படத்தை வாலிபர் சங்கத்தாரோடு அமர்ந்து பார்த்தோம். ஒரு பசு காற்றில் சுழன்று காரின்முன் பறந்து செல்லும் புகழ்பெற்ற காட்சியில் கூடம் முழுவதும் சிரித்தது. படம் முடிந்தபின், கறவை மாடு வைத்திருக்கும் வயதான அம்மையார் ஒருவர், "அது யார் வீட்டு மாடு, ஐயா?" என்று கேட்டார். வாலிபர் மீண்டும் சிரித்தனர். அவ்வினாவுக்குப் படத்தில் விடையில்லை. பசுவுக்கு உரியவர் படத்தில் இல்லை. வீட்டுக்கு உரியவரும் பெரும்பாலும் இல்லை.

மெய்ப்பாடுகள் எட்டனுள் அழுகையை இப்படம் கவனமாக விலக்கி வைத்திருக்கிறது. வாகீட்டா என்ற ஊரைச் சூறாவளி இரவில் தாக்கி அழிக்கிறது. (அது மெய்யாகவே உள்ள சிற்றூர். படப்பிடிப்பின் பொருட்டு அங்கே பழைய கட்டடங்கள் சில இடித்துத் தள்ளப்பட்டன.) ஜோவின் அத்தை மெக் இடிபாட்டிலிருந்து மீட்கப்படுகிறாள். ஊர் இரவோடிரவாக அழிந்து கிடக்கையில், காயமுற்ற அந்தப் பெண்ணே ஜோவை மேலே போகும்படி அனுப்பிவைக்கிறாள். அழிந்த ஊரை விட்டுச் செல்வதற்கான அனுமதியை அழிவுக்குள்ளானவளின் வாயாலேயே கதாசிரியர் பெற்றுத் தந்துவிடுகிறார்! அதன்பின் வாகீட்டாவைப் பற்றிக் கவலையில்லை. அடுத்த சூறாவளி, அதனினும் பெரியது, காத்திருக்கிறது. இவர்களைப் பார்த்து, 'இதென்ன பைத்தியம்' என்று கேட்கத்தக்க ஒரே பாத்திரம் பில்லை மணக்கவிருந்த மெலிசா. படமோ அவளை நகைப்புக்குரியவளாக்கி வழியனுப்பிவிடுகிறது. அவள் போனதும் நாமும் சற்று இளைப்பாறுகிறோம் என்பதைக் கவனிக்கவேண்டும்.

அகுஸ்தீன் தம் அறிக்கைகளின் மூன்றாம் நூலில், இளமையில் நாடக அரங்கில் பிறர் துயர் கண்டு அழுவதைத் தாம் விரும்பியதை நினைவுகூர்கிறார். காண்பவன் உதவ அழைக்கப்படுவதில்லை, துயருற மட்டுமே அழைக்கப்படுகிறான் என்பது அவருடைய குற்றச்சாட்டு. சூறாவளிப் படம் அதனினும் ஒருபடி மேலே சென்று, துயருறுவதிலிருந்தும் நம்மை விடுவிக்கிறது. நமக்குத் தரப்படும் இருக்கை துரத்துவோரின் வண்டியில் உள்ளது. வண்டி எங்கும் நிற்பதில்லை.

இங்கே நம் நாட்டுப் புயலுக்கும் அந்நாட்டுச் சூறாவளிக்கும் உள்ள வேறுபாட்டைக் கருதவேண்டும். அவர்களுடைய சூறாவளி சில நிமிடங்கள் நிற்பது, திரைக்குள் அடங்குவது, காரில் துரத்தத்தக்கது. வங்கக் கடலில் எழும் புயலோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்தது. அதை எவரும் துரத்துவதில்லை. அதுவே வந்து சேர்கிறது. சென்றபின் அதன் நீர் தங்கிவிடுகிறது. 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிய ஒரே இரவு-பகலில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையைக் கடந்து செல்லாமலே, அருகில் நின்று மூழ்கடித்தது. மேற்குப் புறநகரின் தாழ்ந்த தெருக்களில் உள்ளோர்க்குப் புயல் என்பது நின்ற நீர், கழிவுநீரின் வாடை, நனைந்த பாடப்புத்தகம், மின்சாரமில்லாத இரவு. இவற்றுள் எதையும் எவரும் டிக்கெட் வாங்கிப் பார்க்கமாட்டார்.

ஆனால் புயலைப் பார்க்கும் ஆசை நம்மிடமும் குறைவன்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சென்னை டாப்ளர் ராடாரின் வண்ணப்படத்தைக் கைப்பேசியில் மணிக்கணக்காக உற்றுநோக்குவோர் பெருகிவிட்டனர். இதனால் விளைந்த நன்மை பெரிது. 2016-இல் ஓய்வுபெற்ற ரமணன் தொலைக்காட்சியிலும், 'தமிழ்நாடு வெதர்மேன்' என அறியப்படும் பிரதீப் ஜான் சமூக ஊடகத்திலும் வானிலையைப் பொதுமக்களுக்கு விளங்கும் மொழியில் கூறியமை உயிர்களைக் காக்கும் தொண்டு. எனினும் காற்றழுத்தத் தாழ்வு வலுவிழந்தது என்ற செய்தி வரும்போது, மாடிவீட்டிலிருந்து பார்ப்போரிடம் நிம்மதியோடு சிறிது ஏமாற்றமும் எழுகிறது. உறுத்துவது அந்த ஏமாற்றமே.

தமிழ்த் திரையிலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. 2008-இல் வந்த 'தசாவதாரம்' படத்தின் உச்சகட்டம் 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை. தமிழகத்தில் சுமார் 8,000 பேரைக் கொன்ற அவ்வலை, கதையில் கொடிய கிருமியை உப்புநீரால் அழித்து உலகைக் காக்கும் கருவியாகிறது. நான்கே ஆண்டுகளில் செய்யப்பட்ட இக்கணக்கு நமக்கு உவப்பாயில்லை. ஆயினும் அப்படம் ஒன்றைச் செய்தது. மணற்கொள்ளையை எதிர்த்துநின்ற தலித் இளைஞன் வின்சென்ட் பூவராகனின் சடலத்தைத் தன் மகனென்றே கொண்டு ஒரு பிராமண மூதாட்டி அழுகிறாள். அலை ஓய்ந்தபின் அங்கே ஒருவர் அழுகிறார். ஹாலிவுட்டின் படத்தில் அதற்கு நேரமில்லை.

2024-இல் லீ ஐசக் சுங் இயக்கத்தில் வந்த 'ட்விஸ்டர்ஸ்' இக்குறையைச் சற்று உணர்ந்திருக்கிறது. அழிந்த வீட்டாரிடம் அடிமாட்டு விலைக்கு நிலம் வாங்கும் ஒருவன் அதில் வருகிறான். துரத்துவோர் நின்று உணவு வழங்குகின்றனர். காலநிலை மாற்றம் என்ற சொல் மட்டும் எங்கும் ஒலிக்கவில்லை. அதனைக் கோழைத்தனம் என்றே நாம் சொல்வோம். அதன் இறுதிப் பகுதி நிகழும் எல் ரீனோ, 2013 மே 31 அன்று டிம் சமராஸ் என்ற அனுபவமிக்க ஆய்வாளரும், அவர் மகன் பாலும், உடன் பணியாற்றிய கார்ல் யங்கும் சூறாவளியில் சிக்கி இறந்த இடம். படத்திலோ ஊரார் அங்கேயுள்ள திரையரங்கில் ஒதுங்குகின்றனர். பழைய 'ஃப்ராங்கன்ஸ்டைன்' படம் ஓடிக்கொண்டிருக்கையில் காற்று வெண்திரையைக் கிழித்தெடுக்கிறது. திரையிருந்த இடத்தில் மெய்யான சூறாவளி தெரிகிறது. பார்வையாளரின் இருக்கையே பெயர்ந்துவிடும் இக்காட்சி இரு படங்களிலும் நேர்மையானது.

இதுவரை சொன்னது திரையைப் பற்றி. பிரசங்க பீடத்தைப் பற்றியும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 2004-இன் இறுதி ஞாயிறுக்குப்பின் பல மாதங்கள் நம் சபைகளில் ஆழிப்பேரலை உவமையாயிற்று. அலையின் உயரம், அது வந்த வேகம், ஆராதனைக்குச் சென்றிருந்ததால் தப்பியவர் கதை, நியாயத்தீர்ப்பின் எச்சரிப்பு என அடுக்கியபோது சபையார் மூச்சடக்கிக் கேட்டனர். ஆராதனைக்கென்றே வேளாங்கண்ணிக்கு வந்து மாண்டவர்கள் அக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. கடற்கரைக் குடும்பம் ஒன்றுகூட அமர்ந்திராத ஆலயங்களில் இத்தகைய அருளுரைகள் சிறப்பாக எடுபட்டன. 'ட்விஸ்டர்' பொழுதுபோக்கென்று தன்னை ஒத்துக்கொள்கிறது. நம் அருளுரைகள் அதையும் ஒத்துக்கொள்வதில்லை. அருளுரைப் பயிற்சி வகுப்பில் பேரிடர் உவமைகளை எழுதும் மாணாக்கர், அவ்வுவமையை இழப்புற்றவர் முதல் வரிசையில் அமர்ந்திருக்கும்போது சொல்ல இயலுமா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்வது நலம்.

திருமறையில் பேரழிவைப் பார்க்க இடம் பிடித்து அமர்ந்தவன் ஒருவன் உண்டு. யோனா நகரத்தை விட்டு வெளியேறி, கிழக்கே குடிசை போட்டு, நினிவேக்கு என்ன நேரும் என்று காத்திருந்தான். ('ட்விஸ்டர்' படத்து வில்லனின் பெயரும் ஜோனஸ், அது யோனாவின் கிரேக்க வடிவம். தற்செயலாகவே இருக்கலாம்.) அவன் எதிர்பார்த்த காட்சி நிகழவில்லை. அவ்வதிகாரத்தில் வீசும் ஒரே காற்று உஷ்ணமான கீழ்க்காற்று; அது நகரத்தின்மேல் வீசாமல், பார்த்துக்கொண்டிருந்தவன்மேல் வீசுகிறது. பின் வரும் வினாவில் நகரத்தில் உள்ளோரின் எண்ணிக்கை கூறப்படுகிறது. அவர்களை அடுத்துக் கால்நடைகளும் எண்ணப்படுகின்றன. வேப்பம்பட்டில் மாட்டைப் பற்றிக் கேட்ட அம்மையார் அப்புத்தகத்தைப் பலமுறை படித்தவர்தாம்.