கல்லாவுக்கு மேல் ஒரு கண்

திருப்பூர்ப் பகுதியில் பத்துக்குப் பத்து கடையிலும் இன்று கேமரா இருக்கிறது. காதர்பேட்டை செகண்ட்ஸ் பனியன் கடை, லைன் வீடுகளை ஒட்டிய மளிகை, ரீசார்ஜ் கடை, பேக்கரி என்று எங்கே போனாலும் கல்லாவுக்கு மேல் ஒன்று, வாசலைப் பார்த்து ஒன்று. சில கடைகளில் பக்கத்திலேயே ‘என்னைப் பார் யோகம் வரும்’ கழுதைப் படமும் தொங்கும். அது தன்னைப் பார்க்கச் சொல்கிறது. கேமரா வருகிறவரைப் பார்க்கிறது. இரண்டையும் மாட்ட வைத்தது ஒரே பயம்தான்.

இதைப் பற்றிப் பேச நம்மிடம் ஓர் ஆயத்தப் பதில் உண்டு. ஃபூக்கோவின் 1975ஆம் வருடத்து நூலைத் திறந்து, பெந்தமின் வட்டச் சிறையைக் காட்டி, ‘கண்காணிப்புச் சமூகம்’ என்று முடித்துவிடலாம். சிறையாக நாம் அறிந்த அந்தத் திட்டம் பட்டறையில் பிறந்தது என்பதையாவது இங்கே ஞாபகப்படுத்த வேண்டும். தொழிலாளர்களை மேற்பார்வையிடச் சாமுவேல் பெந்தம் ரஷ்யப் பேரரசில் யோசித்ததைத்தான் அவர் அண்ணன் ஜெரமி 1787இல் சிறைக்கு எடுத்துக்கொண்டார். பனியன் ஊருக்கு இந்த வரலாறு பொருந்தவே செய்கிறது. 2001க்குப் பிறகு அமெரிக்கச் சுங்கத்துறையின் பாதுகாப்பு நிபந்தனைகள் வந்தன. ஏற்றுமதிக் கம்பெனிகளின் பேக்கிங், லோடிங் பகுதிகளில் கேமரா என்பது ‘பையர்’ கேட்கிற அயிட்டங்களில் ஒன்றாயிற்று.

ஆனால் சின்னக் கடையில் கோபுரம் எங்கே? அதில் உட்கார்ந்து பார்க்கிறவர் யார்? யாரும் இல்லை. முதலாளியே கல்லாவில் நின்று படமாகிக்கொண்டிருக்கிறார். யாரும் பார்க்காமலே பதிவாகி, ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அழிந்து, மேலே புதுசு ஏறுகிறது. ஏதாவது நடந்தால் மட்டும் பெட்டியைத் திறக்கிறார்கள். ஆகவே இங்கே அதிகாரம் பார்வையில் இருப்பதைக் காட்டிலும் ஞாபகத்தில் இருக்கிறது என்பது என் வாதம். யாருடைய ஞாபகம்? யார் கேட்டால் அது திறக்கும்? யார் கேட்டால் ‘அழிஞ்சு போச்சுங்க’ என்று பதில் வரும்?

கடைக்காரரின் பயத்தைக் குட்டி முதலாளித்துவ மனநோய் என்று தள்ளிவிடுவது சுலபம். அது நியாயமல்ல. 2022 மார்ச்சில் யூனியன் மில் சாலை நகைக்கடையில் கிலோக்கணக்கில் தங்கம் போனது. பீகாரைச் சேர்ந்த நான்கு பேர் மகாராஷ்டிரத்தில் ரயிலில் பிடிபட்டார்கள். துப்புக் கொடுத்ததில் கேமராவுக்குப் பங்குண்டு. நகைக்கடையாவது தாங்கும். வாட்ச்மேனோ இன்சூரன்ஸோ இல்லாத மளிகைக்காரருக்கு ஒரு ராத்திரித் திருட்டு பல மாத லாபம். அவர் கேமரா மாட்டினால் நாம் எந்த முகத்தோடு வேண்டாமென்போம்?

சிக்கல் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. நான்கு பேர் பிடிபட்ட செய்தி ‘வடக்கத்தியான்’ என்கிற சொல்லோடு சேர்ந்து ஊருக்குள் திரும்பி வருகிறது. சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை அரிசியும் ரீசார்ஜும் வாங்க வருகிற ஒடிசாப் பையனும் கடையின் வாடிக்கையாளன்தான். அவனை நம்பித்தான் இந்திப் பலகையும் தொங்குகிறது. அதே பையன் திரையில் சந்தேகப் பிம்பமாகிறான். படம் பேசுவதில்லை, அதற்கு வசனம் எழுதுகிறவர்கள் நாம். 2023 ஜனவரியில் வேலம்பாளையம் பக்கம் டீக்கடையில் தொடங்கிய ஒரு தகராறு. வடமாநிலத் தொழிலாளர்கள் விரட்டுகிற துண்டு மட்டும் செல்போன்களில் ஓடியது. அது எப்படி ஆரம்பித்தது என்பதைப் பின்னால் போலீஸ் விளக்க வேண்டியிருந்தது. மார்ச்சில் நேரெதிர்: தமிழ்நாட்டில் பீகாரிகளை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பீகாரில் பரவின. பீகார் அரசு அனுப்பிய குழு திருப்பூர்வரை வந்துபோனது. இரண்டு முறையும் துண்டுதான் ஆண்டது. முழுப் பதிவைக் கேட்கிற உரிமை அதில் சிக்கிய தொழிலாளிக்கு இருக்கவில்லை.

கடைக்குள்ளே இன்னொருவர் இருக்கிறார்: ரெடிமேட் கடையில் துணி எடுத்துப் போடுகிற பெண். வாசல் கேமரா திருடனுக்கு. உள் கேமரா இவருக்கு. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. பல காலம் நின்றே தேய்ந்த கால்களுக்குக் கிடைத்த வெற்றி அது. இப்போது ஓனர் வீட்டிலிருந்தே செல்போனில் பார்த்து, ‘ஏம்மா உக்காந்துட்டே இருக்கறே?’ என்று கேட்க முடியும். சட்டம் போட்ட நாற்காலியைக் கேமரா எடுத்துவிடுகிறது. திருட்டுக்கென்று வாங்கிய கருவி சம்பளமில்லாத சூப்பர்வைசராக மாறுவதற்குக் கூடுதல் செலவு எதுவுமில்லை.

இதே கருவிதான் சாத்தான்குளத்தில் வேறு வேலை செய்தது. 2020 ஜூன் 19. ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜையும், செல்போன் கடை வைத்திருந்த மகன் பென்னிக்ஸையும் போலீஸ் காவலில் வைத்தது. சில நாட்களில் இருவரும் செத்தார்கள். தரையில் உருண்டு புரண்டதில் காயம் என்றது முதல் தகவல் அறிக்கை. பக்கத்துக் கடையின் கேமராவோ அப்படி ஒரு உருளலே நடக்கவில்லை என்றது. காவல் நிலையத்திலும் கேமரா இருந்தது. ஒரு டெரா பைட் வட்டும் இருந்தது. ஆனால் பதிவு தினமும் தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்ததாக விசாரித்த மாஜிஸ்திரேட் எழுதினார். சின்னக் கடைக்கு ஞாபகம் இருந்தது. அரசுக்கு மறதி இருந்தது. அந்த மறதி அமைத்து வைத்த மறதி.

பொதுக் கட்டடங்களில் கேமரா கட்டாயம் என்று தமிழக நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2012இலேயே விதி வந்தது. எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது. அவை வேலை செய்யவில்லை என்று 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டியிருந்தது. நம்மைப் பார்க்கிற கண்ணுக்குக் கட்டாயம். தன்னைப் பார்க்கிற கண்ணுக்குத் தவணை.

‘அப்படின்னா கேமரா வேணுமா வேண்டாமா?’ என்று தோழர்கள் கேட்கக்கூடும். என் பதில்: கேள்வியை மாற்றிக் கேட்போம். போலீஸ் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் கடைக்காரரிடம் என்ன மிஞ்சும்? எடுத்துப் போகும்போது ரசீது கேட்கவும், நகல் வைத்துக்கொள்ளவும் வணிகர் சங்கங்கள் அவருக்குச் சொல்லித்தர வேண்டும். மின்பதிவு சாட்சியாக ஏற சான்றிதழ் வேண்டும் என்று 2020இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் அதையே கேட்கிறது. பதிவுக்குப் பொறுப்பானவர் கையெழுத்து அது. அதோடு அவரே சாட்சியாகவும் நிற்க நேரலாம். இதுவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் இரண்டைச் சேர்க்கலாம்: வேலையாளை நோக்கிய கேமரா எதற்கென்று எழுத்தில் சொல்ல வேண்டும்; தகராறு வந்தால் அந்த நாளின் முழுப் பதிவையும் தொழிலாளி பார்க்க வேண்டும், அது தமிழ்த் தொழிலாளியானாலும் ஒடிசாத் தொழிலாளியானாலும்.

கடைக்காரரும் ஊழியரும் வெளியூர்த் தொழிலாளியும் ஒரே வட்டில் பதிவாகிறார்கள். வழக்கு என்று வரும்போது அந்த வட்டு ஒருவர் கைக்கு மட்டும் போகிறது. சண்டை அங்கேதான் தொடங்க வேண்டும்.