ஒலி அடங்கிய பிறகும் நகரும் விரல்

குச்சின் கேட்க ஆயக்குடியில் எனக்கு வாய்த்த நேரம் இரவு பதினொன்றுக்கு மேல்தான். விடிவதற்குள் கொய்யாச் சந்தை கூடிவிடும்; தைப்பூசம் நெருங்கினால் பழனிக்கு நடப்பவர்களின் பாட்டு இரவெல்லாம் சாலையோடு போகும். இந்தச் சீன வாத்தியமோ மின்விசிறி ஓடினாலே பாதி காணாமல் போகிறது. முதல் தடவை பதிவில்தான் கோளாறு என்று நினைத்து ஒலியைக் கூட்டினேன். நரம்பின்மேல் விரல் உரசும் சரசரப்புத்தான் பெரிதாகக் கேட்டது. அதுவும் சங்கீதத்தில் சேர்த்தி என்று புரிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

ஏறத்தாழ நாலடி நீளம், ஏழு நரம்பு, மெட்டுகள் கிடையாது. பலர் இதோடு குழப்பிக்கொள்ளும் குச்செங் வேறு: அதில் பெரும்பாலும் 21 நரம்பு, ஒவ்வொன்றுக்கும் தனிக் குதிரை, மேடைக்கேற்ற கணீர் ஒலி. குச்சினில் ஓரமாகப் பதித்த 13 புள்ளிகள்தாம் விரலுக்கு வழிகாட்டி. அந்த இடங்களில் நரம்பைத் தொட்டும் தொடாமலும் மீட்டினால் சிறுமணி ஓசை, அது வானம். தொடாமல் விட்ட நரம்பு பூமி. அழுத்தி நகர்த்துவது மனிதன்.

எனக்கு அந்த மனிதன்தான் முக்கியம். வீணையில் நரம்பைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிக்கிறோம்; கோட்டுவாத்தியத்தில் கட்டை வழுக்குகிறது. குச்சினிலும் விரல் வழுக்குகிறது, ஆனால் அது கிளம்பும்போதே ஒலி பாதி அடங்கியிருக்கும். கொஞ்ச தூரத்தில் காதில் எதுவும் விழாது. விரல் மட்டும் போய்க்கொண்டிருக்கும். மிச்சத்தைக் கேட்பவர்தான் மனசுக்குள் பாடிக்கொள்ள வேண்டும். பட்டு நரம்பை விட்டு எஃகு நரம்புக்குப் பலர் மாறிய பிறகு இந்த அடக்கம் சற்றுக் குறைந்துவிட்டது என்பது என் புலம்பல்.

இப்படிப்பட்ட வாத்தியத்துக்குச் சபா எதற்கு? இதற்கென்று உள்ள கூடுகைக்கு யாஜி என்று பெயர். சில பேர் ஒரு வீட்டில் கூடுவார்கள். தேநீர், ஊதுபத்தி. கேட்டவர் அடுத்து வாசிப்பார், வாசித்தவர் கேட்கப் போய் உட்கார்வார். முன்பெல்லாம் வாசிப்பைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் குறைவு. 1936இல் சூச்சோவில் ஜின்யூ குச்சின் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையான சா ஃபூசி, விமானக் கம்பெனி அதிகாரி. போர்க்காலச் சோங்சிங்கில் கூடிய வட்டத்தில் டச்சுத் தூதரக அதிகாரி ராபர்ட் வான் குலிக்கும் இருந்தார். 1940இல் இந்த வாத்தியத்தைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். பின்னாளில் டெல்லியிலும் வேலை பார்த்தார்.

கூடினால் பேச்சுக்குப் பஞ்சமில்லை. பழைய இசைச் சுவடி எந்த நரம்பு, எந்த விரல், எந்தப் புள்ளி என்றெல்லாம் சொல்லும். எவ்வளவு நேரம் என்று சொல்லாது. 1425இல் தொகுத்த 'ஷென்சி மிபூ'விலும் அப்படித்தான். காலப்பிரமாணத்தை வாசிப்பவரே மாதக்கணக்கில் உட்கார்ந்து கண்டெடுக்க வேண்டும். ஒரே சுவடி, இரண்டு பேர், இரண்டு உருப்படி. யார் சரி என்ற வாக்குவாதத்தில் தேநீர் ஆறிப்போகும்.

குவான் பிங்ஹு வாசித்த 'ஓடும் நீர்', 1977இல் வாயேஜர் விண்கலத்தின் தங்கத் தட்டில் ஏறியது; நம் கேசர்பாய் கேர்கரின் பைரவியும் அதே தட்டில்தான். 'ஓடும் நீர்' ஏழரை நிமிடம். நடுவில் விரல்கள் நரம்புகளை முன்னும் பின்னும் வாரி உருட்டும் பகுதி, 19ஆம் நூற்றாண்டுச் சிச்சுவான் கலைஞர் சாங் கோங்ஷான் பெயரால் வருவது. மழைக்காலத்தில் எங்கள் பக்கத்து வரதமாநதி மலையிறங்கி வரும் இரைச்சல் அதில் உண்டு. அதைவிட, தண்ணீர் வடிந்து துளித்துளியாகும் கடைசிப் பகுதிதான் எனக்கு உயிர்.

யாஜிக்கு ஆள் வேண்டுமே! வீணை கற்ற நண்பர் ஒருவரை அழைத்து, விசிறியை நிறுத்தி, 'ஓடும் நீர்' பதிவைப் போட்டேன். பழக்கத்தில் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். ஒன்றும் அகப்படவில்லை; கை அப்படியே நின்றுவிட்டது. வியர்வையைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்துத் தணிந்த குரலில் கேட்டார்: "முடிஞ்சிருச்சா, இன்னும் வாசிக்கிறாரா?"