வரலாற்று நாடகமும் பெயர் சுட்டலும்

வரலாற்று மாந்தரை நாடகத்தில் நிறுத்தும் ஆசிரியன் ஆவணங்களுக்கு எவ்வளவு கடமைப்பட்டவன் என்னும் வினா பழையது. எம் முதுகலை மாணவரோடு அமர்ந்து 'ஜான் ஆடம்ஸ்' என்னும் ஆங்கிலத் தொலைக்காட்சி நாடகத்தின் ஏழு பகுதிகளையும் கண்டபோது அவ்வினா மீண்டும் எழுந்தது. டேவிட் மெக்கல்லோ 2001-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றைத் தழுவி, 2008-இல் எச்.பி.ஓ. ஒளிபரப்பிய நாடகம் இது. அமெரிக்க நாட்டைத் தோற்றுவித்தோருள் ஒருவரும், அதன் இரண்டாம் குடியரசுத் தலைவருமாகிய ஆடம்ஸே இதன் தலைவர்.

பெருமக்களைச் சிலைகளாக்கி வணங்காமை இந்நாடகத்தின் முதற் சிறப்பு. பால் ஜியாமாட்டி நடித்துக் காட்டும் ஆடம்ஸ் சினம் மிக்கவர், புகழ் வேட்கையுடையவர், தம் மனைவி அபிகேலின் அறிவுரைக்கு ஏங்குபவர். 1776-இல் விடுதலைத் தீர்மானத்தை எதிர்த்த ஜான் டிக்கின்சனையும் கோழையாக்காமல், தக்க காரணங்களோடு பேச விட்டிருத்தல் பாராட்டத்தக்கது. ஜூலை 2-ஆம் நாள் தீர்மானம் நிறைவேறியதும் அவையில் ஆரவாரம் எழவில்லை. தாம் செய்தது யாதென உணர்ந்தோரின் அமைதியே நிலவுகிறது. ஏழு பகுதிகளுள்ளும் அவ்வமைதியை விஞ்சிய காட்சி பிறிதில்லை என்பது எம் கருத்து.

இனிக் குறைக்கு வருவோம். 1770 மார்ச் 5-ஆம் நாள் பாஸ்டனில் ஆங்கிலப் படைவீரர் சுட்டதில் ஐவர் மாண்டனர். ஊரார் வெறுப்பைப் பொருட்படுத்தாமல் ஆடம்ஸ் அவ்வீரர்க்காக வாதாடினார். நாடகத்தில் ஒரே வழக்கு. அனைவரும் விடுதலை பெறுகின்றனர். உண்மையிலோ தலைவன் பிரெஸ்டனுக்கு ஒரு வழக்கும் வீரர் எண்மர்க்குப் பிறிதொரு வழக்கும் நடந்தன. பிரெஸ்டனும் வீரருள் அறுவரும் விடுதலை பெற்றனர். எஞ்சிய இருவர், முன்கருதாது உயிர் போக்கிய குற்றத்திற்கு ஆளாகிப் பெருவிரலில் சூடிடப்பட்டனர். இரு வழக்கை ஒன்றாக்கியது காலச் சுருக்கம். அதனை யாம் குறை கூறோம். சூடுபட்ட அவ்விருவரை நீக்கியது அத்தகையதன்று. கொதித்திருந்த ஊரில், குற்றத்தின் அளவறிந்து பிரித்துரைத்த தீர்ப்பு அது. அதனை மறைத்தமையால் ஆடம்ஸின் வெற்றி பெருகிற்று. நீதியின் நுட்பம் குறைந்தது. 1795-இல் ஜே உடன்படிக்கைக்கு ஆடம்ஸின் ஒரு வாக்கே முடிவு தந்ததாகக் காட்டியதும் இவ்வகையே. அதற்கு மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டியிருந்தது. செனட் அவை இருபதுக்குப் பத்தாக ஒப்பியது.

நாடகத்திற்கு இவ்வுரிமை உண்டெனச் சிலர் கூறுவர். எம் மாணவர் ஒருவரும் தொல்காப்பியர் கூறும் நாடக வழக்கைத் துணைக்கழைத்தார். ஆயின், தொல்காப்பியர் அவ்வழக்கை உலகியல் வழக்கோடு இணைத்துக் கூறியது அகத்திணைக்கு என்பதை மறத்தலாகாது. அகத்திணை ஐந்தனுள் ஒருவர் பெயரையும் சுட்டலாகாதென விலக்கியவரும் அவரே. பெயரிலாத் தலைவனுக்குப் புலவன் எதனையும் ஏற்றலாம்; அவனால் எவர்க்கும் இழுக்கில்லை. பெயர் சுட்டிய அளவிலேயே பொருள் புறத்தைச் சார்கின்றது; ஆங்கு நடந்ததற்கும் இறந்தோர்க்கும் கடன் உண்டு. பிற நாட்டு நாடகத்திற்கு நம் இலக்கணத்தை அளவுகோலாக்குவது பொருந்துமா எனின், கோட்பாட்டளவில் பொருந்தும் என்றே கருதுகின்றோம்.

இறுதிப் பகுதியில் ஒரு விந்தை. விடுதலைச் சாற்றுரையைப் பற்றி ஜான் டிரம்புல் தீட்டிய பேரோவியத்தின்முன் முதிய ஆடம்ஸ் நின்று, அது வரலாற்றைத் திரித்ததெனச் சினக்கிறார். அவ்விடத்து அவர் இவ்வாறு சினந்ததாகப் பதிவில்லை. எனினும், கலையுரிமை என்னும் போர்வையில் வருங்காலத்தாரை மயக்கலாகாது என்று 1817-இல் அவரே அவ்வோவியர்க்கு எழுதியுள்ளார். கடிதக் கருத்தைக் காட்சியாக்கியது நன்று. அதே காட்சியில், ஓவியத்தில் உள்ளோருள் தாமும் ஜெஃபர்சனும் மட்டுமே உயிரோடிருப்பதாக அவர் கூறுவதோ பிழை. அவ்வோவியத்தில் இடம்பெற்ற சார்லஸ் கரோல் 1832 வரை வாழ்ந்தார். ஆடம்ஸ் ஓவியத்தைக் கண்டபோது கூறியதாக எஞ்சியிருப்பது வேறொன்று. அதில் வரைந்திருந்த கதவைச் சுட்டி, வாஷிங்டனைப் படைத்தலைவராகத் தாம் முன்மொழிந்தபோது அவர் எழுந்து விரைந்து வெளியேறியது அவ்வழியே என்றாராம்.